கடைசியா நிறுத்துனது யாருங்க?

என்னைப் போன்ற அவசரக் குடுக்கைகளுக்கு அவரிடம் போய் நிற்பதே ஒரு தண்டனை. வண்டி நடுரோட்டில் நின்றுபோய், வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு போயிருப்போம். அவர் ஸ்பானரைத் தொடமாட்டார். முக்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்பார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொள்வார். பிறகு அந்தக் கேள்வி வரும்.

"கடைசியா வண்டிய நிறுத்துனது யாருங்க?"

நான்தான் என்று சொன்னால் எங்கே, எப்படி, நிறுத்திவிட்டு என்ன செய்தீர்கள் என்று போகும். நானில்லை என்று சொன்னால் தீர்ந்தது கதை. நிறுத்திய ஆளைக் கூட்டி வந்தால்தான் பானெட்டைத் திறப்பார். எத்தனையோ பேர் முறைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போயிருக்கிறார்கள். "ஒரு கேள்வி கேக்கற நேரத்துக்கு ரெண்டு வண்டி பாத்துப்போடலாமுங்க" என்று நானே அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன். "ஆமாங்க" என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடமும் அதையேதான் கேட்பார்.

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டின் மேலேயே, ஒரு பேக்கரிக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் அவர் கடை. ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஒல்லி ஆள், காக்கிச் சட்டை. மற்றவர்கள் பேனா குத்துகிற இடத்தில் இரண்டு ஒயர் தொங்கும் சின்ன பல்பு ஒன்று இருக்கும். கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறிச் சர்ச்சுக்குப் போவார். அன்றைக்கும் அந்தப் பல்பு பையில்தான் இருக்கும். பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், போய்ச் சேர்ந்த மனுசன் எழுந்து வந்து, "இதைக் கடைசியா எழுதுனது யாருங்க?" என்று கேட்டுவிடுவார்.

அங்கிருந்து நாலு கடை தள்ளி என் பட்டறை. கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற வேலை. தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் அந்தத் தொழில் தெரிந்தவனுக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். எனக்கு அது அளவுக்கு மேலேயே இருந்தது.

ஒரு தடவை ஜவுளிக்கடைக்காரர் ஒருத்தர் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். வழக்கமான கேள்வி. "நான் ஒருத்தன்தானுங்க ஓட்டறேன், வேற யாரு தொடப் போறாங்க" என்றார் அவர். இவர் பிளக்கைக் கழற்றி மோந்து பார்த்தார். பிளக் மூடிக்குள் சேறு. "ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்" என்று பிளக்கை மேசை மேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். கடைக்காரர் புறுபுறுத்துக்கொண்டே போனார். அரைமணி கழித்து அவரோடு மருமகள் வந்தது. தலை நிமிரவில்லை. மத்தியானம் மாமனார் தூங்குகிற நேரத்தில் மைதானத்தில் மொபெட் பழகியதாம். தண்ணி நின்ற குழியில் விழுந்து, துடைத்துக் கொண்டுவந்து நிறுத்திவிட்டதாம்.

மாமனார் வாயைத் திறக்கும் முன் இவர் முந்திக்கொண்டார். "ஏனுங்க அம்மணி, உளுந்தீங்களே, அடிகிடி படலியே?"

அந்தப் பெண் முழங்கையைத் திருப்பிக் காட்டியது. காய்ந்த சிராய்ப்பு. வீட்டில் யாரும் பார்த்திருக்கவில்லை. மாமனார் குனிந்து அதைப் பார்த்தார். "அம்மணி ஓட்டுனதுனால வண்டி கெடலீங்க, குழியில தண்ணி நின்னதுனால கெட்டுச்சு" என்று இவர் தீர்ப்புச் சொல்லிப் பத்து நிமிஷத்தில் ஓட்டிக் கொடுத்தார். அந்த வருஷமே அந்தப் பெண் பகலில், மெயின் ரோட்டில், மொபெட்டில் கடைக்குப் போய் வர ஆரம்பித்தது. இவர் கடையைத் தாண்டும்போது ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகும்.

"ஏனுங்க இப்படிப் போலீஸ்காரனாட்டக் கேக்கறீங்க?" என்று ஒரு நாள் பன் தின்றுகொண்டே கேட்டேன்.

"குத்தம் சொல்றதுக்குக் கேக்கலீங்க, வழி கண்டுபுடிக்கக் கேக்கறேன். வண்டி தானா நிக்கறதில்லீங்க. யாரோ ஒருத்தரு கை கடைசியாப் பட்டிருக்கும். அந்தக் கைக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியாதுங்க."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? அவருக்கும் அவர் அண்ணனுக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லை என்று பேக்கரிக்காரர் சொல்லிக் கேள்வி. "அப்ப உங்க அண்ணங்கிட்டப் பேச்சக் கடைசியா நிறுத்துனது யாருங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட மறுநிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் டீயை முழுக்கக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "நான்தானுங்க" என்றார். கேள்வி கேட்கிறவர் பதில் சொல்லவும் தயங்கவில்லை என்பதில் எனக்கு அன்றைக்கு அவர் மேல் ஒரு பயமே வந்தது. மரியாதை அதற்கப்புறம் வந்தது. அது வந்த கதைதான் லாரிக் கதை.

எங்கள் பக்கம் அப்பாவை அய்யன் என்போம். எங்கய்யன் மூக்கு வைத்த பழைய பெட்ரோல் லாரி ஒன்று வைத்திருந்தார். ஊரெல்லாம் டீசலுக்கு மாறிய பிறகும் அவர் மாறவில்லை. அன்னூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஈரோட்டுக்கு மஞ்சள் மூட்டை ஏற்றுவார். ஒரு நாள் லோடு இறக்கிவிட்டு வந்து, தோட்டத்துக் கொட்டகையில் லாரியை விட்டுவிட்டு, வயிற்று வலிக்கு ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வருகிறேன் என்று கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினார். உயிரோடு திரும்பவில்லை. அப்போது நான் சென்னையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். லாரி நின்ற இடத்திலேயே பதினாலு வருஷம் நின்றது. அம்மா தோட்டத்து வீட்டிலேயே இருந்துகொண்டாள். நான் துடியலூருக்குக் கூப்பிட்டபோதெல்லாம், "மாட்டை யாரு பாப்பாங்க" என்பாள்.

பாகம் பிரித்தபோது கொட்டகை நின்ற நிலம் சித்தப்பாவுக்குப் போனது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் தறிப்பட்டறை போடப் போகிறார். தறி வந்து இறங்குகிற நாளும் குறித்தாகிவிட்டது. தாராபுரத்தில் ரைஸ்மில்காரர் ஒருத்தர் பழைய வண்டிகளை ஆசையாக வாங்கி வைத்து ஓட்டுகிறவர். "வெள்ளிக்கெழம ஆளோட வாரேன். தானா ஓடுனா எடுத்துக்கறேங்க. கட்டி இழுத்துட்டு வந்த வண்டி ஏற்கெனவே நாலு கெடக்குது, அஞ்சாவது வேண்டாங்க" என்றார். ஓடாவிட்டால் சனிக்கிழமை பழைய இரும்புக்காரன் கேஸ் கட்டரோடு வந்துவிடுவான்.

"அறுத்துப்போடுவாங்களா?" என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். வேறொன்றும் கேட்காமல் உள்ளே போனாள். அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. எப்படியும் ஓட்டிக் காட்டுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டினேன்.

ஒரு மாதம் லீவு நாளெல்லாம் அங்கேதான். சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு ஊறப்போட்டு, ஹேண்டில் போட்டுச் சுற்றிச் சுற்றி, பிடித்துப்போன இன்ஜினை விடுவித்தேன். கார்பரேட்டரைக் கழுவினேன். டயர்களுக்கெல்லாம் காற்றடித்தேன், புது பேட்டரி வைத்தேன். எல்லாம் ஆயிற்று, ஸ்பார்க் மட்டும் வரவில்லை. காயிலை மாற்றினேன். பாயிண்ட்டை மாற்றினேன். கண்டென்சரை மாற்றினேன். ஊகூம்.

இதற்கு நடுவே ஒரு திருட்டு வேலையும் செய்திருந்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தபோது உள்ளே ரோட்டார் இல்லை. ரோட்டார் என்பது கட்டைவிரல் அளவுச் சாமான். காயிலிலிருந்து வருகிற கரண்ட்டைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் எடுத்துக் கொடுப்பது அதுதான். அந்த லாரிக்கு அது எங்கே கிடைக்கும்? டவுனில் தேடி, ஏதோ காருடையதை வாங்கி, தண்டில் உட்காராததால் அடிப்பக்கத்தை அரத்தால் ராவு ராவென்று ராவி மாட்டிவிட்டேன். பார்வைக்குச் சரியாகவே இருந்தது.

புதன்கிழமை வேறு வழியில்லாமல் அவர் முக்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"கடைசியா நிறுத்துனது யாருங்க?"

"எங்கய்யனுங்க. இப்ப இல்லீங்க."

கையை மறுபடி வேட்டியில் துடைத்துக்கொண்டார். "நிறுத்தறப்பக் கூட யாருங்க இருந்தாங்க?"

"யாருமில்லீங்க" என்றேன். யோசிக்காமல், பட்டென்று, வாயில் வந்ததைச் சொன்னேன். அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் என் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து தோட்டத்துக்கு வந்தார். லாரியை ஒரு சுற்றுச் சுற்றினார். சட்டைப் பையிலிருந்து பல்பை எடுத்துக் காயிலில் வைத்தார், எரிந்தது. என்னுடைய புதுப் பாயிண்ட்டை உப்புத்தாளில் ரெண்டு இழுப்பு இழுத்தார். காயிலிலிருந்து வரும் நடு ஒயரைப் பிடுங்கி இன்ஜின் பக்கம் நெருக்கிப் பிடித்து, என்னை ஹேண்டில் சுற்றச் சொன்னார். சடக்கென்று நீலமாக ஒரு பொறி.

"காயில் வரைக்கும் உசுரு இருக்குதுங்க" என்றார். நடு ஒயரை மாட்டிவிட்டு ஒரு பிளக் ஒயரைப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. "வர்ற வழியில யாரோ புடிச்சு வெச்சுக்கறாங்க."

மூடியைத் திறந்து ரோட்டாரை வெளியே எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வண்டியிலயே இருந்ததுங்களா?"

"ஆமாங்க" என்றேன். புளுகுதான். வேறென்ன.

அடியில் நகத்தால் சுரண்டினார். ராவின தூள் நகத்தில் ஒட்டியது. அதைத் துடைத்துக்கொண்டார். "இது இந்த வண்டிதில்லீங்க. குட்டையா உக்காருது. மூடிக்குள்ள நடுவுல ஒரு கரி இருக்குதுங்களே, அதைத் தொட்டாத்தான் கரண்டு எறங்கும். இது தொடவே இல்லை. அப்பப் பழசு எங்கீங்க?"

"எலி கிலி தூக்கிட்டுப் போயிருக்குமுங்க."

"எலி கிளிப்பக் கழட்டி, மூடியத் தொறந்து, ரோட்டார எடுத்துப்போட்டு, மறுக்கா மூடிக் கிளிப்பையும் மாட்டிட்டுப் போகுமுங்களா?" சிரிக்காமல் கேட்டார். "ரொம்ப நாளைக்கு நிறுத்தறவங்க இதைக் கழட்டிக் கையோட எடுத்துக்குவாங்க. இது இல்லாம எந்தக் கொம்பனும் வண்டியக் கெளப்ப முடியாது. இதாங்க பெரிய சாவி. அய்யன் கழட்டித்தான் வெச்சிருக்காரு."

அந்த நேரத்தில் அம்மா சொம்பில் மோர் கொண்டுவந்தாள். வாங்கிக் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவளிடம் கேட்டார். "ஏனுங்கம்மா, அன்னைக்கு அய்யன் வண்டிய நிறுத்தறப்ப நீங்க எங்கீங்க இருந்தீங்க?"

"அம்மாவுக்கு இதெல்லாம் என்னங்க தெரியும்?" என்றேன் நான்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இங்கதானுங்க நின்னேன்" என்றாள். "இந்தக் கம்பத்துக்கிட்ட. பானெட்டத் தொறந்து எதையோ கழட்டுனாரு. துணியில தொடச்சு எங்கையில குடுத்தாரு. 'பத்தரமா வெச்சிரு. நான் வந்து கேக்கறப்பக் குடு. அது வரைக்கும் ஆரு கேட்டாலும் குடுக்காத. தம்பி கேட்டாலும் குடுக்காத, பையன் கேட்டாலும் குடுக்காத'ன்னு சொல்லிப்போட்டு பஸ்ஸுக்குப் போனாருங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒரு மாசமா இதுல கெடந்து சாகறேன். பாத்துட்டே இருந்தியேம்மா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீ கேட்டியா கண்ணு?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

எங்களை வீட்டுக்குள் கூட்டிப்போனாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாமி அறை வாசலோடு நின்றுகொண்டார். அலமாரியில் முருகன் படத்துக்கு முன்னால், வெற்றிலை மேல், சிவப்பாக ஒரு உருண்டை. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். நான் அதை மஞ்சளில் பிடித்து வைத்த பிள்ளையார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். முன்னால் தும்பிக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது பித்தளைத் தகடு. பதினாலு வருஷம் கன்னத்தில் போட்டுக்கொண்டு ரோட்டாரைக் கும்பிட்டிருக்கிறேன்!

சிரிப்பு வந்தது எனக்கு. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து விரலை மூடிக்கொண்டிருந்தாள். நாளைக்கு ஆள் வருகிறது. இதைக் கொடுக்காவிட்டால் லாரியை அறுத்துவிடுவார்கள். கொடுத்தால் சொன்ன வாக்குப் போய்விடும். கேட்க வேண்டியவர் வரப்போவதும் இல்லை. இந்த ஒரு மாதமும் அவள் இதைத்தான் உள்ளுக்குள் போட்டு உழப்பிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது.

"குடுக்கோணுங்களா?" என்று அவரிடம் கேட்டாள்.

அவர் வாசலிலிருந்தே சொன்னார்: "வேண்டாங்கம்மா. யாருக்கும் குடுக்காதீங்க. நீங்களே கொண்டாந்து மாட்டுங்க."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்படி ஒரு வழி இருக்கிறது என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பால் கறக்கிற முக்காலியை லாரி பக்கத்தில் போட்டு அம்மா ஏறி நின்றாள். குங்குமம் இருந்தால் கரண்ட் வழி தப்பிப் போகும் என்று அவர் சொன்னதும், ஒரு பொட்டுக் கீழே சிந்தாமல் முந்தானையில் வழித்து முடிந்துகொண்டாள். பிறகு அவர் கொடுத்த துணியால் பளிச்சென்று துடைத்தாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். அதைத் தொடவே இல்லை.

"உள்ள ஒரு காடி இருக்குதுங்கம்மா. தண்டுலயும் ஒரு வெட்டு இருக்கும். மெல்லத் திருப்புங்க, ரெண்டும் சேர்ற எடத்துல தானா உக்காரும்."

அம்மா திருப்பினாள். ஒரு தடவை தப்பியது. இரண்டாவது தடவை டக்கென்று உட்கார்ந்தது. மூடியைப் போட்டுக் கிளிப்பையும் அவளே அழுத்தினாள். நான் ஹேண்டிலைச் சுற்றினேன். முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் தும்மியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. கொட்டகையே அதிர்ந்து, புகை கிளம்பி, கோழிகள் நாலு திக்கும் பறந்தன. பக்கத்துத் தோட்டத்திலிருந்து சித்தப்பா மண்வெட்டியோடு ஓடி வந்தார். அம்மா மட்கார்டு மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கையும் வளையலும் லாரியோடு சேர்ந்து அதிர்ந்தன. அழுதாள். பதினாலு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்; சத்தமாக, கூச்சப்படாமல் அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் ஓடவிட்டு, "அம்மா, நீங்களே நிறுத்துங்க" என்றார் அவர். அம்மா ஏறிச் சாவியைத் திருப்பினாள். "இப்ப ரோட்டாரக் கழட்டிக் கையில வெச்சுக்கங்க. நாளைக்கு ஆளு வந்தா மாட்டுங்க. யாராச்சும் கேட்டா, கடைசியா நிறுத்துனது நீங்கதானுங்க."

திரும்பும்போது ஸ்கூட்டரில் எனக்கு மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. "அந்த ரோட்டார நான்தானுங்க ராவிப் போட்டேன்" என்றேன், முன்னால் பார்த்தபடியே.

"தெரியுமுங்க" என்றார் பின்னாலிருந்து. கொஞ்ச தூரம் போன பிறகு, "நல்ல அரமுங்க. எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்கப்புறம் செத்துப்போகும் வரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை தாராபுரத்துக்காரர் டிரைவரோடு வந்தார். "அதை இப்படிக் குடுங்கம்மா, மாட்டிக்கறேன்" என்று டிரைவர் கையை நீட்டினான். "குடுக்கறதுக்கில்லீங்க" என்று சொல்லிவிட்டு அம்மா முக்காலியில் ஏறித் தானே மாட்டினாள். டிரைவர் விழித்தான். முந்தானை முடிச்சை அவிழ்த்து, வழித்து வைத்திருந்த குங்குமத்தை பானெட்டின் உள்பக்கம் அப்பிவிட்டு இறங்கினாள்.

லாரி உறுமிக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே வந்து, தோட்டத்து வண்டித் தடத்தில் ஆடி ஆடிப் போய், தார் ரோட்டில் ஏறித் திரும்பியது. சத்தம் அடங்கும் வரை அம்மா கம்பத்துக்கிட்டேயே நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"நீ கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன் கண்ணு" என்றாள் அம்மா, ரோட்டைப் பார்த்தபடியே. "ஆனா, நீ கேட்டிருக்கலாம்."